இன்றைய ஆங்கிலத்தில் ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகள்: ஒரு மதிப்புரை

பதின்மூன்று மாநிலங்களும் ஒரே ஒன்றியமாக நிலைபெற வேண்டுமா, அல்லது இரண்டு மூன்று கூட்டணிகளாகப் பிரிந்துபோகலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் உண்மையாகவே விடை தெரியாமல் நின்ற நாள்களில், புதிய அரசமைப்புச் சட்டத்தை ஏற்கும்படி நியூயார்க் மாநில மக்களை வேண்டி எழுதப்பட்டவை ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகள். 1787 அக்டோபர் 27 அன்று முதல் கட்டுரை நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் வந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 85 ஆயிற்று. அலெக்சாண்டர் ஹாமில்டன் 51, ஜேம்ஸ் மேடிசன் 29, ஜான் ஜே 5 என்பது இன்று அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. இந்த 85 கட்டுரைகளையும் இன்றைய எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதிய பதிப்பொன்றை அண்மையில் சென்னையில் வாங்கி, மூலத்தை அருகில் வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். மூலத்துக்குக் காப்புரிமை கிடையாது என்பதால் இத்தகைய மறுஆக்கங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை கடைகளில் இருக்கின்றன. நான் இங்கே சொல்லப்போகும் நிறைகுறைகளில் பலவும் இம்முயற்சியின் இயல்பிலிருந்தே எழுபவை. ஆகவே பதிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இப்படியொரு நூல் தேவைதானா என்று கேட்பவர்களுக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். சென்னையில் சட்டம் பயிலும் மாணவர்களும், அண்ணா நகரின் பயிற்சி நிலையங்களில் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும் கூட்டாட்சி என்ற பாடத்தைப் படிக்காமல் இருக்க முடியாது. அவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்களுடைய வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறை அவர்களே. மாநில உரிமை என்பது நம் ஊரில் தேநீர்க் கடையிலும் பேசப்படும் பொருள் என்பதால், அதைப் பற்றிய அக்கறை அவர்களுக்கு நிறையவே உண்டு. ஆனால் ஹாமில்டனின் முதல் பக்கத்தைத் திறந்தால், பழைய ஒன்றிய அரசின் செயலற்ற தன்மையை ஐயத்துக்கிடமின்றி அனுபவித்து அறிந்த பின்னர் என்று தொடங்கி, தொடர்மேல் தொடராக நீளும் பதினெட்டாம் நூற்றாண்டு உரைநடை அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அறிவு குறைந்து அவர்கள் நிற்கவில்லை. அந்த நடைக்குப் பழகும் வாய்ப்பை எந்தப் பள்ளியும் அவர்களுக்குத் தரவில்லை. அவர்கள் உள்ளே வர ஒரு வழி வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இந்தப் பதிப்பை நான் மதிக்கும் முதற்காரணமும் அதுவே.

அந்த வழியைப் பல இடங்களில் இந்நூல் நன்றாகவே அமைத்துத் தருகிறது. 15ஆம் கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். 1781 முதல் நடைமுறையில் இருந்த பழைய கூட்டமைப்பு ஒப்பந்தத்தின்படி, மைய அவை மாநிலங்களிடம் பணமும் படையும் கேட்கலாம். கொடுக்காத மாநிலத்தை அது ஒன்றும் செய்ய முடியாது. தனி மனிதர்கள் மீது செல்லாமல் அரசுகள் மீது மட்டும் பிறப்பிக்கப்படும் சட்டம் உண்மையில் வெறும் வேண்டுகோளே என்பது ஹாமில்டனின் வாதம். மூலத்தில் இந்த வாதம் நான்கைந்து நீண்ட பத்திகளில் உணர்ச்சியோடு விரிகிறது. மறுஆக்கத்தில் அதன் எலும்புக்கூடு தெளிவாகத் தெரிகிறது: சட்டம் என்றால் தண்டனை வேண்டும், தண்டனையை நீதிமன்றம் வழியாகவும் தரலாம், படை வழியாகவும் தரலாம், அரசுகளின் மீது நீதிமன்றத் தண்டனை செல்லாது, ஆகவே எஞ்சுவது போர்தான். முதல்முறை படிக்கும் மாணவர் ஒருவர் இந்த வரிசையைத் தவறவிட வழியில்லை. அண்டை மாநிலங்களுக்குள் எல்லைத் தகராறும் வணிகப் போட்டியும் எப்படிச் சண்டையாக மாறும் என்று காட்டும் 6, 7ஆம் கட்டுரைகளும் இதேபோல் விறுவிறுப்பாக ஓடுகின்றன.

39ஆம் கட்டுரையில் மறுஆக்கம் மூலத்தைவிடப் பயனுள்ளதாகவே ஆகிவிடுகிறது என்று துணிந்து சொல்வேன். புதிய அரசமைப்பு தேசியத் தன்மை கொண்டதா, கூட்டாட்சித் தன்மை கொண்டதா என்ற எதிர்த்தரப்பின் கேள்விக்கு மேடிசன் அங்கே ஐந்து உரைகற்களை எடுத்து ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கிறார். சட்டத்தை ஏற்பது மாநிலந்தோறும் கூடும் மக்கள் என்பதால் அடித்தளம் கூட்டாட்சி சார்ந்தது; மக்கள்தொகைப்படி அமையும் அமெரிக்க மக்களவை தேசியம் சார்ந்தது, மாநிலங்களுக்குச் சம இடம் தரும் மேலவையான செனட் கூட்டாட்சி சார்ந்தது; அதிகாரம் நேரடியாகக் குடிமக்கள் மீது இயங்குவதால் செயற்பாடு தேசியம் சார்ந்தது; அதிகாரத்தின் பரப்பு வரையறைக்கு உட்பட்டதால் மீண்டும் கூட்டாட்சி; திருத்தும் முறையோ இரண்டில் எதையும் முழுமையாகச் சார்ந்ததில்லை. கணக்குப்போல் செல்லும் இந்த வாதத்துக்குக் குறுவாக்கியங்கள் இயல்பாகப் பொருந்துகின்றன. இந்திய அரசமைப்பை இதே ஐந்து உரைகற்களில் உரசிப் பார்க்கும் பயிற்சியை ஆசிரியர் ஒருவர் வகுப்பில் கொடுத்தால், பாடநூலின் ‘அரைக் கூட்டாட்சி’ என்ற ஒற்றைச் சொல்லை மனப்பாடம் செய்வதைவிட மாணவருக்குப் பன்மடங்கு பயன் கிடைக்கும்.

ஆனால் நூலை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடினமான பழைய நூலை எளிமையாக்கித் தருவது தமிழுக்குப் புதிய வேலை அன்று. நம் உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தது அதுவே. பரிமேலழகர் உரையை அச்சிடும் எவரும் குறளை விட்டுவிட்டு உரையை மட்டும் அச்சிடுவதில்லை. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது மூலத்தையும் நச்சினார்க்கினியர் உரையையும் சேர்த்தே தந்தார். பத்துப்பாட்டின் தொலைவான அடிகளிலுள்ள சொற்களைக் கொண்டுவந்து இணைத்து நச்சினார்க்கினியர் பொருள் கொள்ளும்போது, அது தகாது என்று வாதிட நம்மால் முடிகிறது என்றால், அடிகள் அங்கேயே கண்முன் இருப்பதே காரணம். உரையாசிரியரோடு வாசகர் உடன்படலாம், முரண்படலாம். இரண்டுக்கும் மூலம் அருகில் இருக்க வேண்டும். என் கையிலுள்ள பதிப்பில் மூலம் ஒரு வரிகூட இல்லை. மாற்றியெழுதியவர் எங்கே சுருக்கினார், எங்கே சேர்த்தார், எங்கே தம் கருத்தைப் புகுத்தினார் என்பதை வாங்கியவர் அறிய எந்த வழியும் வைக்கப்படவில்லை. இந்நூலின் பெருங்குறை இதுதான். கீழே சொல்லும் மற்றக் குறைகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

மூலத்தின் நீண்ட வாக்கியங்கள் அந்தக் காலத்து அலங்காரம் மட்டும் என்று எண்ணி மாற்றியெழுதுபவர் கத்தரியை எடுத்தால் ஆபத்து வருகிறது. இக்கட்டுரைகளை எழுதியவர்கள் தாங்கள் ஆதரித்து வாதிட்ட சட்டத்தை முழுமனத்தோடு விரும்பியவர்கள் அல்லர். 1787 ஜூன் 18 அன்று, புதிய அரசமைப்பை வரைந்த ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் ஹாமில்டன் முன்வைத்த திட்டத்தில், நன்னடத்தையுள்ளவரை ஆயுள் முழுதும் பதவி வகிக்கும் ஆட்சித் தலைவரும், மையம் நியமிக்கும் மாநில ஆளுநர்களும் இருந்தார்கள். மாநிலச் சட்டங்களை நிராகரிக்கும் அதிகாரம் மைய அவைக்கு வேண்டும் என்று மேடிசன் அங்கே போராடித் தோற்றார். தாம் கேட்டது கிடைக்காமல், கிடைத்ததை மக்களிடம் எடுத்துச்சென்ற இருவர் எழுதியவை இவற்றில் மிகப் பெரும்பாலானவை. அவர்களுடைய தயக்கமும், விட்டுக்கொடுத்தலும், ‘எனினும்’, ‘ஆயினும்’ என்னும் திருப்பங்களும் நீண்ட தொடர்களின் உள்ளேதான் வாழ்கின்றன. தொடரை மூன்றாக வெட்டினால் மூன்றும் உறுதியான அறிவிப்புகளாக மாறி, எழுதியவருக்கே இல்லாத நிச்சயத்தை அவர்மீது ஏற்றிவிடுகின்றன.

62ஆம் கட்டுரை இதற்குச் சரியான சான்று. சிறிய மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் செனட்டில் சமமாக இரண்டு இடங்கள் தரும் ஏற்பாட்டை மேடிசன் மாநாட்டில் கடுமையாக எதிர்த்தவர். கட்டுரையில் அதற்கு வரும்போது, இது கோட்பாட்டிலிருந்து பிறக்கவில்லை, விட்டுக்கொடுக்கும் மனப்பான்மையிலிருந்து பிறந்தது, ஆகவே கோட்பாட்டின் அளவுகோலால் இதை அளப்பதே வீண் என்று ஒதுங்கிக்கொண்டு, இரண்டு தீமைகளில் குறைந்ததை ஏற்பதே விவேகம் என்கிறார். அதன் பிறகுதான் அந்த ஏற்பாட்டால் விளையக்கூடிய நன்மைகளைச் சொல்கிறார். மறுஆக்கத்தில் நன்மைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன; முன்னால் இருந்த குளிர்ந்த ஒதுக்கம் ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. படிப்பவர் மேடிசனைச் சமப் பிரதிநிதித்துவத்தின் ஆர்வலர் என்று எண்ணிக்கொள்வார். மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31 இடங்களும் தமிழ்நாட்டுக்கு 18 இடங்களும் இருப்பதையும், மக்களவைத் தொகுதி மறுவரையறையில் நம் 39 இடங்களின் விகிதம் என்னவாகும் என்பதையும் இன்று கவலையோடு பேசிக்கொண்டிருக்கும் சென்னை வாசகருக்கு, சமப் பிரதிநிதித்துவத்தை எதிர்த்தவரே ஒன்றியம் உடையக்கூடாது என்பதற்காக அதை ஏற்றார் என்ற செய்தி மிகவும் வேண்டியது. பேரம் பேசி விட்டுக்கொடுத்த கதைதான் இங்கே பாடம். அது மறைந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

அதைவிடப் பெரிய பிழை 54ஆம் கட்டுரையில் இருக்கிறது. அமெரிக்க மக்களவையில் மாநிலங்களுக்குரிய இடங்களைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் விதியை அங்கே மேடிசன் எடுத்துக்கொள்கிறார். அடிமை ஒரே நேரத்தில் சொத்தாகவும் மனிதராகவும் சட்டத்தின் கண்ணில் நிற்கிறார் என்ற வாதத்தை அவர் தம் குரலில் சொல்லவில்லை. தென்மாநிலத்துச் சகோதரர் ஒருவர் இப்படிச் சொல்லக்கூடும் என்று அறிமுகம் செய்து, நீண்ட உரையாக அவர் வாயில் வைக்கிறார். கடைசியில் தம் குரலுக்குத் திரும்பி, இந்த வாதம் சில இடங்களில் சற்று இழுத்துக் கட்டியதாகத் தோன்றலாம் என்று ஒப்புக்கொண்டே, அந்த விதியோடு தாம் சமாதானம் அடைவதாக முடிக்கிறார். இந்தச் சட்டகம் அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது. அவரே அடிமைகளை வைத்திருந்தவர். எனினும் அவர் ஏன் முகமூடி அணிந்தார் என்பதே வாசகர் கேட்க வேண்டிய கேள்வி. மறுஆக்கம் மேற்கோள் குறிகளை நீக்கி, அனைத்தையும் ஆசிரியர் கூற்றாகவே ஓட்டியிருக்கிறது. அடுத்த அச்சில் இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

புகழ்பெற்ற 10ஆம் கட்டுரையில் சேதம் குறைவு என்றாலும் கவனிக்கத்தக்கது. உட்குழு என்பதற்கு மேடிசன் தரும் வரையறையில் மூன்று கூறுகள் உள்ளன. பெரும்பான்மையோ சிறுபான்மையோ ஆன ஒரு கூட்டம். பொதுவான ஒரு வேட்கையாலோ நலனாலோ அது உந்தப்பட வேண்டும். அந்த வேட்கையோ நலனோ பிறர் உரிமைக்கோ சமூகத்தின் நிலையான பொதுநலனுக்கோ எதிரானதாக இருக்க வேண்டும். மறுஆக்கம் மூன்றாவது கூற்றை முதல்முறை சொல்லிவிட்டு, பின்னர் ‘நலக்குழுக்கள்’ என்ற பொதுச்சொல்லையே கட்டுரை முழுதும் பயன்படுத்துகிறது. அதனால் தொழிற்சங்கம், வணிகர் சங்கம், ஊர்ச் சங்கம் எல்லாமே மேடிசன் அஞ்சிய நோயின் வடிவங்கள் என்று தோன்றுகிறது. இதற்கு மாறாக, பெரும்பான்மையே உட்குழுவாக முடியும் என்ற அவருடைய கூரிய கருத்தும், நாடு எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு பல நலன்கள் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும் என்ற தீர்வும், மக்களாட்சி சிறிய நிலப்பரப்புக்கே ஏற்றது என்ற அக்காலத்துப் பொதுக் கருத்தை அவர் தலைகீழாக்கிய விதமும் மறுஆக்கத்தில் தெளிவாகவே வந்திருக்கின்றன.

மொழியின் இடர்ப்பாட்டை மேடிசனே அறிந்திருந்தார். மைய அதிகாரத்துக்கும் மாநில அதிகாரத்துக்கும் இடையே கோடு கிழிப்பது ஏன் கடினம் என்று 37ஆம் கட்டுரையில் ஆராயும் அவர், பொருளே தெளிவற்றிருத்தல், அறியும் மனத்தின் குறைபாடு, கருத்தைச் சுமக்கும் மொழியின் போதாமை என மூன்று காரணங்களைச் சொல்கிறார். கடவுளே மனித மொழியில் பேச இறங்கினாலும் அவருடைய பொருள் மங்கித்தான் போகும் என்பது அவர் கருத்து. மூலத்தின் மிக அழகான பக்கங்களில் ஒன்று இது. மறுஆக்கமும் இங்கே தன் சிறந்த நிலையை எட்டியிருக்கிறது. அவசரப்படாமல், ஒவ்வொரு காரணத்துக்கும் வேண்டிய இடம் கொடுத்து எழுதப்பட்டிருக்கிறது. மற்றப் பக்கங்களையும் இதே பொறுமையோடு எழுதியிருந்தால் என் குறைகளில் பாதி எழுந்திருக்காது.

குறிப்புகளே இல்லாதது இன்னொரு குறை. 2ஆம் கட்டுரையில் ஜான் ஜே, ஒரே முன்னோரிடமிருந்து தோன்றி, ஒரே மொழி பேசி, ஒரே சமயத்தைப் பின்பற்றும் ஒரே மக்களுக்கு இறைவன் இந்த ஒரே நிலத்தை அளித்தான் என்று எழுதுகிறார். மறுஆக்கம் இதை இன்னும் மிடுக்காகவே தருகிறது. பென்சில்வேனியாவில் ஜெர்மன் பேசியவர்களும் நியூயார்க்கில் டச்சு பேசியவர்களும் அப்போதே இருந்தார்கள். ஜேயின் தந்தை வழி பிரான்சிலிருந்து வந்த புராட்டஸ்டன்ட் அகதிகளுடையது, தாய் வழி டச்சு. 1790இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 39 லட்சம் பேரில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். இவற்றில் ஒன்றையாவது பக்கத்தின் அடியில் குறித்திருக்க வேண்டாமா? நம் வாசகர் இந்தப் பத்தியில் நிச்சயம் நிற்பார். ஒற்றுமைக்கு ஒரே மொழி வேண்டும் என்ற கூற்றை இந்த ஊர் ஏற்றுக்கொண்டதில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசிய சென்னை மாகாணத்தின் தலைநகர் இது. 1952 டிசம்பரில் மயிலாப்பூரில் உண்ணாநோன்பிருந்து பொட்டி ஸ்ரீராமுலு உயிர்நீத்த பின்னர், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. அதனால் இந்தியா சிதறிவிடவில்லை. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பெற்றோர் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் ஜேயின் பத்தியைப் படித்துவிட்டு, பன்மையிலிருந்தே பாதுகாப்பு பிறக்கிறது என்னும் மேடிசனின் 10ஆம் கட்டுரைக்கு வந்தால், ஒரே புனைபெயருக்குள் இரண்டு வேறான ஒற்றுமைக் கோட்பாடுகள் இருப்பதைக் கண்டுகொள்வார்கள். அப்படி அவர்களை அழைத்துச்செல்ல ஒரு பக்க முன்னுரை போதும். அதுவும் இந்நூலில் இல்லை.

எனக்கு மிகப் பயன்பட்ட பகுதி, பலரும் வேகமாகக் கடந்துவிடும் 21, 43ஆம் கட்டுரைகள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடியரசு வடிவிலான ஆட்சியை ஒன்றியம் உறுதிசெய்யும் என்ற பிரிவை அவை விளக்குகின்றன. 1786இல் மாசசூசெட்ஸில் டேனியல் ஷேஸ் தலைமையில் கடன்பட்ட உழவர்கள் எழுச்சி செய்தபோது, பழைய ஒன்றியம் அந்த மாநிலத்துக்கு உதவ முடியாமல் நின்றது. அந்த அச்சம் இரண்டு கட்டுரைகளிலும் இருக்கிறது. ஆயினும் 43இல் மேடிசன் ஒரு எல்லையைப் போடுகிறார். உறுதிசெய்யும் அதிகாரம் என்றாலே உறுதிசெய்யப்பட வேண்டிய ஆட்சி ஒன்று ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்று பொருள். மாநிலங்கள் தங்கள் குடியரசு வடிவங்களைத் தாங்களே மாற்றிக்கொள்ளலாம், குடியரசுக்கு எதிரான வடிவத்துக்கு மட்டும் மாறக்கூடாது என்கிறார். மறுஆக்கம் இந்த எல்லையைச் சிதையாமல் தருகிறது, அதற்காக அதைப் பாராட்டுகிறேன். இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகரின் மனம் நம் அரசமைப்பில் மாநிலங்களைக் காக்கும் கடமையை ஒன்றியத்துக்குத் தரும் 355ஆம் பிரிவுக்கும், மாநில ஆட்சியை நீக்கிக் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் 356ஆம் பிரிவுக்கும்தான் போகும். 356 செயலற்ற எழுத்தாகவே இருக்கும் என்று தாம் நம்புவதாக 1949 ஆகஸ்டில் அரசமைப்பு அவையில் அம்பேத்கர் சொன்னார். தமிழ்நாட்டில் மட்டும் 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அண்ணாவின் மறைவுக்குப் பிறகு கருணாநிதி அரசு 1969இல் அமைத்த இராஜமன்னார் குழு, 1971இல் தந்த அறிக்கையில் அந்தப் பிரிவை நீக்கவே பரிந்துரைத்தது. 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதற்குக் கடிவாளம் போட்டது. பாதுகாப்பு என்று கொடுக்கப்பட்ட அதிகாரம் எவ்வளவு வரை செல்லலாம் என்று மேடிசன் எழுப்பிய வினாவே இந்த நெடும் வழக்கின் மையத்திலும் இருப்பதைக் காணும்போது, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள் கட்டுரை நமக்கு நேரே பேசுவதாகிவிடுகிறது.

வரி பற்றிய 30 முதல் 36 வரையிலான கட்டுரைகள் நீளமானவை, திரும்பச் சொல்பவை. வாரத்துக்கு மூன்று நான்கு என்று அச்சுக்கூடத்தின் வேகத்துக்கு எழுதிய அடையாளம் அவற்றில் தெரிகிறது. மறுஆக்கம் இங்கே சுருக்கியது வாசகருக்கு நன்மையே. ஆனால் 32இல் ஹாமில்டன் தரும் வாக்குறுதியை மட்டும் யாரும் தவறவிடக்கூடாது: இறக்குமதி, ஏற்றுமதித் தீர்வைகளைத் தவிர மற்ற எல்லா வரிகளையும் விதிக்கும் முழு அதிகாரம் மாநிலங்களிடம் ஒன்றியத்தோடு இணையாக நீடிக்கும் என்கிறார் அவர். மையத்தின் கையை வலுப்படுத்த வேண்டும் என்று விரும்பியவரின் வாயிலிருந்தே இது வருகிறது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு, சேவை வரியின் விகிதங்களை, ஒன்றிய, மாநில அமைச்சர்கள் கூடும் சரக்கு, சேவை வரி மன்றமே பரிந்துரைக்கிறது. அங்கே ஒன்றியத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடையும், முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவும் என்பதால், ஒன்றியம் ஒப்பாத எதுவும் நிறைவேறாது. ஒன்றியத்தின் அதிகாரங்கள் சிலவே, வரையறுக்கப்பட்டவை; மாநிலங்களுடையவை பலவாறானவை, எல்லை குறிக்கப்படாதவை என்னும் 45ஆம் கட்டுரையின் கூற்றையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நம் நாட்டில் எந்தப் பட்டியலிலும் சேராத எஞ்சிய அதிகாரம் 248ஆம் பிரிவின்படி ஒன்றியத்தினுடையது. 1976இன் 42ஆம் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. கூட்டாட்சி என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு நாடுகள் எவ்வளவு வேறான வீடுகளைக் கட்டிக்கொண்டன என்பதை இந்த இரண்டு கட்டுரைகளும் நமக்குக் கண்முன் நிறுத்துகின்றன.

51, 78, 84ஆம் கட்டுரைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மனிதர்கள் தேவர்களாக இருந்தால் அரசே வேண்டியதில்லை என்னும் 51இன் பத்தியை எந்த மறுஆக்கமும் கெடுக்க முடியாது, மூலமே எளிமையானது. படைவலியோ நிதிவலியோ இல்லாத நீதித்துறைக்குத் தீர்ப்பு ஒன்றே உடைமை என்னும் 78ஐ, 1950, 1951 ஆண்டுகளில் சென்னை அரசு கட்சிக்காரராக நின்ற பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய ரொமேஷ் தாப்பர், கல்லூரி இடஒதுக்கீடு பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்குகளோடு சேர்த்துப் படிப்பது சட்ட மாணவருக்கு நல்ல பயிற்சி. உரிமைப் பட்டியலே வேண்டாம் என்று ஹாமில்டன் வாதிடும் 84, வாதத்தில் கூர்மையானது, வரலாற்றில் தோற்றது. 1791இல் அமெரிக்கர்கள் அந்தப் பட்டியலைச் சேர்த்தேவிட்டார்கள்.

நூலின் அச்சும் கட்டமைப்பும் குறைசொல்ல முடியாதவை. எழுத்து பெரியது, தாள் நல்லது. ஆனால் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் முதலில் வெளியான நாள் இல்லை. 78 முதல் 85 வரையிலான கட்டுரைகள் 1788 மே மாதத்து நூல் வடிவில்தான் முதலில் வந்தன என்பதோ, 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா மேடிசனா என்ற நெடுங்காலச் சர்ச்சையை 1964இல் புள்ளியியலாளர்களான மோஸ்டெல்லரும் வாலஸும் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று கணக்கிட்டு மேடிசன் பக்கம் தீர்த்தார்கள் என்பதோ எங்கும் குறிக்கப்படவில்லை. சொல்லடைவும் இல்லை, குடியரசு வடிவ ஆட்சிக்கான உறுதி போன்ற ஒரு பொருளைத் தேடி வருபவர் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், முதன்முறையாக இக்கட்டுரைகளை அணுகும் மாணவருக்கும், கூட்டாட்சி பற்றிப் பொது அக்கறை கொண்ட வாசகருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். 6, 7, 15, 21, 37, 39, 43, 45 ஆகியவற்றை இந்நூலிலேயே நம்பிப் படிக்கலாம். 10, 54, 62 மூன்றுக்கும் மூலத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்வது கட்டாயம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் முழு மூலமும் இலவசமாகக் கிடைக்கிறது. மேற்கோள் காட்டி எழுதுபவர்கள் மறுஆக்கத்தின் வாக்கியத்தை ஹாமில்டன் சொன்னதாகவோ மேடிசன் சொன்னதாகவோ குறிக்கவே கூடாது. தேர்வுத் தாளில் இந்தத் தவறு நிகழ்வதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்த பதிப்புக்குப் பதிப்பாளர் இரண்டு பின்னிணைப்புகளைச் சேர்க்க வேண்டும் என்று வேண்டுகிறேன். பழைய கூட்டமைப்பு ஒப்பந்தம் 13 பிரிவுகளே கொண்ட சிறிய ஆவணம். அது இல்லாமல் 15 முதல் 22 வரையிலான கட்டுரைகளின் குற்றச்சாட்டுகளை வாசகர் சரிபார்க்க வழியில்லை. மற்றொன்று எதிர்த்தரப்பு. ‘புரூட்டஸ்’, ‘கேட்டோ’ என்ற புனைபெயர்களில் அதே நியூயார்க் செய்தித்தாள்களில் எழுதியவர்கள், தூரத்து மையத்தில் கூடும் சில பிரதிநிதிகளுக்கு ஒரு பெரிய நாட்டின் மக்களைத் தெரியுமா என்று கேட்டார்கள். நியூயார்க் மாநாடு 1788 ஜூலை 26 அன்று 30க்கு 27 என்ற மூன்றே வாக்குகள் வித்தியாசத்தில்தான் அரசமைப்பை ஏற்றது. அந்த 27 பேரின் வாதங்களிலிருந்தும் இரண்டு மூன்று கட்டுரைகளை இதே எளிய ஆங்கிலத்தில், மூலத்தோடு சேர்த்து அச்சிட்டால், நம் மாணவர்கள் இரு தரப்பையும் எடைபோட்டுத் தாங்களே ஒரு முடிவுக்கு வர முடியும்.